வடகோடி ஊர்களில் விமான நிறுவனங்களின் போட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் வடக்கில் நூனவுட் என்ற ஆட்சிப் பகுதியில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலை இல்லை. தெற்கே போகவும் சாலை இல்லை. கோடையில் கடலின் பனிக்கட்டி விலகும்போது கப்பல் வரும், அவ்வளவுதான். பிரசவத்துக்குக் கிளம்பும் பெண், புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர், பால், முட்டை, காய்கறி எல்லாம் விமானத்தில்தான் போக வேண்டும், வர வேண்டும். 2021 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை 36,858. தலைநகர் இக்கலூயிட்டில் 7,429 பேர். வடகோடியில் இருக்கும் கிரைஸ் ஃபியோர்டில் 144 பேர்.

அங்கே டிக்கெட் விலையைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். 'ஒரே கம்பெனிக்கு உரிமம் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஏன் தடுக்கிறார்கள்?' என்று உடனே கேட்கத் தோன்றும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது.

உரிமம்தான் தடை என்று நினைப்பது

ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. 1988இல் கனடா தெற்குப் பகுதியின் விமானச் சேவையைத் திறந்துவிட்டபோது, வடக்கை மட்டும் தனியாக வைத்தது. அங்கே புது நிறுவனம் உரிமம் கேட்டால், ஏற்கெனவே பறக்கும் நிறுவனம் எதிர்க்கலாம். புதியவர் வந்தால் இருக்கும் சேவை கணிசமாகக் குறையும் அல்லது நிலைகுலையும் என்று எதிர்ப்பவர் நிரூபித்துவிட்டால், உரிமம் கிடைக்காது. 1996இல் வந்த கனடா போக்குவரத்துச் சட்டம் இந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. இன்று உள்நாட்டு உரிமத்துக்குக் கனடியர் கையில் உரிமையும் கட்டுப்பாடும் இருக்க வேண்டும், பாதுகாப்புச் சான்று வேண்டும், காப்பீடு வேண்டும், பெரிய விமானங்களோடு புதிதாகத் தொடங்குபவர் என்றால் கையில் போதிய பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஊருக்கு இத்தனை நிறுவனம்தான் என்ற வரம்பு கிடையாது.

வந்தும் பார்த்திருக்கிறார்கள். ஏர் கனடாவின் பிராந்தியச் சேவையான ஜாஸ் 2010இல் ஒட்டாவாவிலிருந்து இக்கலூயிட்டுக்குப் பறக்கத் தொடங்கி 2011இல் நிறுத்திக்கொண்டது. உரிமம் இல்லாமல் அது போகவில்லை.

அப்படியானால் எது தடுக்கிறது? ஓடுபாதையைப் பாருங்கள். நூனவுட்டில் இக்கலூயிட், ராங்கின் இன்லெட் இரண்டைத் தவிர மற்றவை சரளைக்கல் ஓடுபாதைகள். சரளையில் இறங்கக்கூடிய ஜெட் என்றால் அதற்கென்று கவசம் பொருத்திய பழைய போயிங் 737-200. அதே வேலையைச் செய்யும் புதிய ஜெட்டை வாங்கிப் போட்டுக்கொள்ள வழியில்லை. அப்புறம் குளிரில் நிறுத்த ஹேங்கர், எரிபொருள், சரக்குக் கொட்டகை, புயலில் மூன்று நாள் மாட்டிக்கொண்டாலும் சமாளிக்கும் பணியாளர்கள். இத்தனையும் 36,858 பேரை நம்பிக் கட்ட வேண்டும்.

உரிமத்தைக் கடமை என்று நினைப்பது

இது முதல் தவறின் மறுபக்கம். உரிமம் பறக்க அனுமதிக்கிறதே தவிர, பறந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு நிறுவனம் விலகுவதால் ஓர் ஊரில் ஒரே ஒரு நிறுவனம் மிஞ்சும், அல்லது யாருமே மிஞ்சமாட்டார்கள் என்றால், சட்டப்படி 120 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மக்கள் பிரதிநிதிகளோடு பேச வேண்டும். அதோடு கடமை முடிந்தது. போட்டியே இல்லாத தடத்தில் கட்டணம் நியாயமற்றது என்று கனடாவின் போக்குவரத்து முகமையிடம் முறையிடலாம், முகமை கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம். இந்த வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

நிறுவனமே நொடித்துப்போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் அலாஸ்கா பார்த்துவிட்டது. 2020 ஏப்ரலில் ராவன் ஏர் குழுமம் திவாலானபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் சேவை ஒரே நாளில் நின்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அது பென்ஏர் நிறுவனத்தை வாங்கியிருந்தது.

நிறுவனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

நூனவுட்டில் நீண்டகாலம் ஃபர்ஸ்ட் ஏர், கனடியன் நார்த் என்று இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டும் இன்யூயிட் மக்களின் அமைப்புகளுக்குச் சொந்தமானவை. ஒரே ஊருக்கு இருவரும் பாதி காலியாகப் பறந்தார்கள். காலி இருக்கையின் செலவையும் டிக்கெட் வாங்குபவர்தான் சுமக்கிறார். இதைச் சொல்லி 2019இல் இரண்டும் ஒன்றாக இணைவதற்கு அனுமதி கேட்டபோது, இருவர் போட்டியிட்ட தடங்களில் போட்டி அழியும் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் கனடாவின் போட்டிப் பணியகம் எச்சரித்தது. இரண்டு தரப்பும் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். இரண்டு விமானங்களைத் தாங்கும் அளவு அங்கே ஆளில்லை, ஒரு விமானம் மட்டும் என்றால் விலையைக் கேட்பாரில்லை.

அரசு நிபந்தனைகளோடு அனுமதித்தது. இயக்கச் செலவு கூடினால் தவிரக் கட்டணத்தை ஏற்றக்கூடாது, ஒவ்வோர் ஊருக்கும் வாரம் ஒரு முறையாவது பறக்க வேண்டும் என்று. இங்கேதான் அடுத்த தவறு வருகிறது: இணைப்பு நிபந்தனையை நிரந்தரம் என்று நம்புவது. பெருந்தொற்றில் பயணிகள் குறைந்தார்கள். 2023இல் நிபந்தனை தளர்ந்தது. ஓராண்டில் சராசரியாக 25 சதவீதம் வரை ஏற்றலாம் என்றானது. இணைந்த பிறகு கனடியன் நார்த் என்ற பெயரிலேயே இயங்கிய நிறுவனத்தை 2025இல் எக்ஸ்சேஞ்ச் இன்கம் கார்ப்பரேஷன் என்ற குழுமம் 20.5 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. நூனவுட்டின் கிவாலிக் பகுதிக்குப் பறக்கும் காம் ஏரும் ஏற்கெனவே அதே குழுமத்தில்தான் இருக்கிறது.

பெரிய தடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது

கனடாவின் வடமேற்கில் இருக்கும் யூக்கானில் ஏர் நார்த் என்ற நிறுவனம் 1977 முதல் இருக்கிறது. அதில் 49 சதவீதம் வுன்டுட் குவிச்சின் பழங்குடியினருக்குச் சொந்தம். அவர்களின் ஓல்ட் குரோதான் யூக்கானில் சாலையே இல்லாத ஒரே ஊர். 2002இல் வான்கூவர், கால்கரி, எட்மன்டனுக்கு ஜெட் ஓட்டத் தொடங்கிய நிறுவனம், தெற்குத் தடத்தின் வருமானத்தில் வடக்குத் தடத்தைத் தாங்குகிறது. கோடையில் பயணிகள் கூடும்போது பெரிய நிறுவனங்கள் யூக்கானின் தலைநகர் வைட்ஹார்ஸுக்கு மலிவு டிக்கெட்டோடு வந்தால், வைட்ஹார்ஸ் பயணிக்கு லாபம்தான். அந்த லாபம் ஓல்ட் குரோ தடத்தின் ஆதாரத்திலிருந்து போகிறது என்பது டிக்கெட்டில் தெரியாது.

பயணி டிக்கெட்டை மட்டும் கணக்கில் எடுப்பது

வடக்கில் பல விமானங்கள் பாதி பயணி, பாதி சரக்கு. முன்பகுதியில் சரக்கு, பின்பகுதியில் இருக்கைகள், நடுவில் நகர்த்தக்கூடிய தடுப்பு. பால் விலையும் டிக்கெட் விலையும் ஒரே கணக்கில் வருகின்றன. 2011 ஏப்ரலில் தபால்வழி உணவுத் திட்டத்துக்குப் பதிலாக வந்த நியூட்ரிஷன் நார்த் திட்டத்தில் மானியம் கடைக்காரருக்கும் சப்ளையருக்கும் போகிறது. சரக்குக் கட்டணத்தைப் பேரம் பேசும் பலம் பெரிய கடைக்கு உண்டு, பெட்டி ஒன்றை அனுப்பும் குடும்பத்துக்கு இல்லை.

பயணிகளிலும் பெரும்பங்கு அரசு அனுப்புபவர்கள்: சிகிச்சைக்குப் போகிறவர்கள், அலுவல் பயணிகள். அவர்கள் கட்டணம் ஒப்பந்த விலை. அக்காவின் சாவுக்குச் சொந்தக் காசில் போகிறவர்தான் முழு விலையையும் கொடுக்கிறார். கட்டண விவாதம் அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அரசால் எதுவும் செய்ய முடியாது என்று விட்டுவிடுவது

நார்வேயைப் பாருங்கள். வடக்கே 800 மீட்டர் ஓடுபாதைகளில் வீடரோ நிறுவனத்தின் டேஷ்-8 என்ற சிறிய விமானம் இறங்குகிறது. தடங்களை அரசு டெண்டர் விடுகிறது. வாரத்துக்கு எத்தனை முறை, அதிகபட்சக் கட்டணம் எவ்வளவு என்பதை அரசே எழுதி, குறைந்த மானியம் கேட்பவருக்குச் சில ஆண்டுகளுக்குத் தடத்தைக் கொடுக்கிறது. பயணிக்கான போட்டி விமான நிலையத்தில் நடப்பதில்லை, டெண்டரில் நடக்கிறது.

நூனவுட் அரசும் பெரிய வாடிக்கையாளர்தான். சிகிச்சைப் பயண ஒப்பந்தம் யாருக்குப் போகிறதோ அவர்தான் அட்டவணை போடுகிறார். அந்த ஒப்பந்தத்தில் சொந்தக் காசுப் பயணிக்கு எவ்வளவு, சரக்குக்கு எவ்வளவு, கிரைஸ் ஃபியோர்டுக்கு வாரம் எத்தனை முறை என்று எழுதச் சொல்லிக் கேட்கலாம். புது உரிமம் எதுவும் அதற்குத் தேவையில்லை.