ஷென்ஜென் வருகிறீர்களா? ஹாங்காங் கொஞ்சம் பொறுக்கட்டும்

தென்சீன நகரமான ஷென்ஜென்னுக்கு, வேலைக்கான சீன இசட் விசாவில் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹோட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை அவர்களே முடித்துவிடுவார்கள். வாடகை வீடு என்றால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள்தான் பதிய வேண்டும். வாட்ஸ்அப்பும் கூகுளும் இங்கே திறக்காது. இந்திய சிம்மில் ரோமிங் போட்டு வந்தால் வீட்டோடு பேசலாம். மற்றதை அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள்.

அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று என் நண்பனை ஒரு வழி செய்துவிட்டது. திருநெல்வேலிக்காரன். வந்த புதிதில் இட்லி, சாம்பார் ஏக்கம் தாங்கவில்லை. ஹாங்காங்கின் சுங்கிங் மேன்ஷனில் புளியும் மிளகாய்த்தூளும் கிடைக்கும், ஹேப்பி வேலியில் கோவிலும் இருக்கிறது என்று கேள்விப்பட்டான். இந்தியர்கள் ஹாங்காங்குக்கு விசா இல்லாமல் 14 நாள் போகலாம், இணையத்தில் முன்பதிவு செய்தால் போதும். அதையும் ஒழுங்காகச் செய்தான். "ஹாங்காங்கும் சீனாதானே, போய்விட்டு வாருங்கள்" என்றார் அலுவலக அதிகாரி. மகராசன்!

கொடி ஒன்றாக இருக்கலாம், குடியேற்றச் சட்டம் வேறு. லுவோஹுவில் எல்லை தாண்டினால் சீனாவை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி வந்தவனிடம் அங்கிருந்த அதிகாரி விசாவில் 'நுழைவுகள்: 01' என்ற இடத்தை விரலால் தட்டிக் காட்டினாராம். அந்த ஒரு நுழைவு, அவன் முதலில் வந்து இறங்கிய அன்றே தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் 'தங்கும் நாட்கள்: 000' என்று இருப்பதைப் பார்த்து எல்லையே இல்லை என்று நினைத்திருக்கிறான். வந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். பெட்டி ஷென்ஜென் அறையில், ஆள் ஹாங்காங்கில், கையில் இரண்டு கிலோ புளி. கடைசியில் சென்னைக்குப் போய் மறுபடி விசா எடுத்து வந்தான். செலவில் பாதியைக்கூட நிறுவனம் தரவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

அனுமதி கைக்கு வரும்வரை ஊருக்குள்ளேயே சுற்றுங்கள். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடம், இன்று ஒன்றே முக்கால் கோடி பேர் வாழும் நகரம். ஹுவாச்சியாங்பெயில் மின்னணுச் சில்லுகளைத் தட்டுத் தட்டாக அடுக்கிவைத்து நம் ஊர்ப் பருப்பு மண்டி போல விற்கிறார்கள். பொறியாளர் என்றால் அரைநாள் போவதே தெரியாது. தாஃபென் கிராமத்துச் சந்துகளில் வான்கோவின் சூரியகாந்திகளை வரிசையாக வரைந்து தள்ளுகிறார்கள். உலகச் சாளரப் பூங்காவில் குட்டி தாஜ்மகால் இருக்கிறது. ஆக்ரா பார்த்தவர்கள் தாராளமாக விட்டுவிடலாம். மாலையில் லியென்ஹுவா மலை ஏறினால் மறைந்த சீனத் தலைவர் தெங் சியாவ்பிங்கின் சிலையும், அதற்கு எதிரே 599 மீட்டர் உயர பிங் ஆன் கோபுரமும் தெரியும். காசு செலவில்லை.

அனுமதி ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு, அது செல்லுபடியாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஷென்ஜென்னின் ஃபூத்தியன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஹாங்காங்கின் மேற்கு கவுலூன் கால் மணி நேரம்தான். போகும்போது சொல்லுங்கள், எனக்கும் பெருங்காயம் தீர்ந்துவிட்டது.