கென்னடி கையெழுத்தா? ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்

அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடி கையெழுத்திட்ட கடிதம் விலைக்கு வந்தால், பணம் கொடுக்கும் முன் அந்தக் கையெழுத்தைப் படமெடுத்து, ஆட்டோபென் என்ற கையெழுத்து இயந்திரம் போட்டது என்று ஏற்கெனவே தெரிந்த கையெழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஃபோனில் இரண்டையும் ஒரே அளவாக்கி, மேலே உள்ளதைப் பாதி மங்கலாக்கினால் போதும். கொஞ்சம் திருப்பியும் பாருங்கள், இயந்திரத்தில் காகிதம் சாய்ந்து இருந்திருக்கலாம். சுழிக்குச் சுழி பொருந்தினால் அது இயந்திரத்தின் வேலை. அசல் கையெழுத்துக்கான விலை கொடுக்காதீர்கள்.

மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு முறை அச்சு அசலாகப் போடாது. ஆட்டோபென் ஒரு கையெழுத்தின் மாதிரி வார்ப்பைத் தடம் பிடித்து நிஜப் பேனாவால் எழுதுகிறது, அதனால் மையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கென்னடிக்குப் பல வார்ப்புகள் இருந்தன. ஒன்றோடு பொருந்தவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது.

கென்னடியின் செயலாளர் ஈவ்லின் லிங்கன் அவர் பெயரில் கையால் போட்டவை இந்தச் சோதனையில் சிக்காது. அந்த இன்னொரு லிங்கன், ஆபிரகாம் காலத்துக் கடிதங்களுக்கும் இது உதவாது, அப்போது ஆட்டோபென்னே இல்லை. அமெரிக்க அரசு கொடுத்த பழைய நிலப் பட்டா என்றால் தேதியைப் பாருங்கள்: 1833 மார்ச்சுக்குப் பிறகு அதிபர் பெயரைப் போட்டது பொதுவாகச் செயலாளர்கள்தான்.