ஆடைகளில் வெப்ப அச்சு: முதலில் துணி, பிறகு முறை

சட்டையில் படமோ பெயரோ அச்சிட விரும்புவோரில் பலர், படத்தை முடிவு செய்துவிட்டுத்தான் துணியைப் பற்றி யோசிக்கின்றனர். சூடும் அழுத்தமும் கொடுத்துப் படத்தைத் துணியில் பதிக்கும் வெப்ப அச்சுக்கு இந்த வரிசை ஒத்துவராது. ஆடையின் உட்புறத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படித்து, அது பருத்தியா, பாலியஸ்டரா, இரண்டும் கலந்ததா என்று அறிந்த பிறகே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெள்ளை அல்லது வெளிர்நிறப் பாலியஸ்டர் என்றால் சப்ளிமேஷனே சிறந்தது என்பது என் கருத்து. தாளில் இடவலம் மாற்றி அச்சிட்ட சாயம், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் 45 முதல் 60 நொடிகள் அழுத்தப்படும்போது ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால், தடவிப் பார்த்தாலும் படம் கையில் தட்டுப்படாது, உரியவும் உரியாது. பருத்தி இழை இந்தச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. இம்முறையில் வெள்ளை மை இல்லாததால், கறுப்புத் துணியில் படம் எடுபடாது.

பருத்திக்கும் அடர்நிறத் துணிக்கும் டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம், அதாவது பிலிமில் அச்சிட்டுத் துணியில் ஒட்டும் முறை) பொருந்தும். பிலிமில் வண்ண மையையும் அதன்மேல் வெள்ளை மையையும் அச்சிட்டு, ஈரம் காய்வதற்குள் பசைத்தூளைத் தூவி, சூட்டில் உருக்கிய பிறகு, அதைத் துணியின் மேல் வைத்துச் சுமார் 150 டிகிரியில் 10 முதல் 15 நொடிகள் அழுத்த வேண்டும். ஒரே நிறத்தில் பெயரும் எண்ணும் போதுமென்றால், வினைல் என்னும் நிறப் பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டுவதே எளிது.

டிடிஎஃப், வினைல் போன்ற ஒட்டும் முறைகளில் அச்சு உரிவதற்குத் துணியின் ஈரமும் ஒரு முக்கியக் காரணம். கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அழுத்தும்போது அது நீராவியாகிப் பசை பிடிப்பதைத் தடுக்கும். ஆகவே படத்தை வைக்கும் முன், வெறும் துணியை ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். தையல், பொத்தான், ஜிப் ஆகியவை மேடாக நின்றால் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிக்கு அழுத்தம் கிடைக்காது. வெப்பம் தாங்கும் பஞ்சுத் திண்டை ஆடைக்குள் வைத்தால் பரப்பு சமமாகும். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் நீராவித் துளைகளுக்குக் கீழே வெப்பம் குறைவாகவே கிடைப்பதால், விலைக்குத் தரும் ஆடைகளுக்கு ஹீட் பிரஸ் (சூடான தகட்டால் அழுத்தும் இயந்திரம்) இன்றி இறங்காமலிருப்பது நல்லது. பிரஸ்ஸின் திரை காட்டும் வெப்பமும் தகட்டின் மூலைகளில் உள்ள வெப்பமும் வேறுபடக்கூடும் என்பதால், வெப்பமானியால் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

சாயமேற்றிய பாலியஸ்டரில் டிடிஎஃப் ஒட்டும்போது, மிகுந்த வெப்பத்தில் துணியின் சாயமே மேலேறி வெள்ளைப் பகுதியை நிறம் மாற்றிவிடும். சிவப்புத் துணியில் இளஞ்சிவப்புக் கறை தெரிவது இதனால்தான். குறைந்த வெப்பத்தில் உருகும் தூளைப் பயன்படுத்தி, முதலில் துணித்துண்டு ஒன்றில் ஒட்டி, ஒருநாள் கழித்துப் பாருங்கள்.

பிலிமைச் சூட்டோடு உரிப்பதா, ஆறிய பின் உரிப்பதா என்பது பிலிமுக்குப் பிலிம் மாறும். உரித்த பிறகு சூட்டில் ஒட்டாத டெஃப்லான் தாளால் மூடி மீண்டும் சில நொடிகள் அழுத்தினால் ஓரங்கள் நன்றாகப் படியும். அணிபவரிடம் ஆடையைக் கொடுக்கும்போது, முதல் 24 மணி நேரம் துவைக்காமல் வைத்திருந்து, பின்னர் உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கவும், அச்சின் மேல் நேராக இஸ்திரி போடாமலிருக்கவும் சொல்லிக் கொடுங்கள்.