முதலில் கிட் லாக், அப்புறம் டிசைன் பேட்டர்ன்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆர்டர் பார்க்கும் மென்பொருளை, பிரவுசரைத் தானாக இயக்கும் கோட் எழுதி டெஸ்ட் செய்வது என் வேலை, அலுவலகம் கோவை சரவணம்பட்டியில். புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள்: "ஏனுங்கக்கா, நம்ம ஃபிரேம்வொர்க்குக்கு எந்த டிசைன் பேட்டர்ன் போடலாம்?" "மொதல்ல கிட் லாக்கைத் தொற கண்ணு" என்பேன். டிசைன் பேட்டர்ன் என்பது கோடை ஒழுங்காக அமைக்கப் பலரும் பயன்படுத்தும் ஒரு முறை; கிட் லாக் என்பது கோடில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு. கடந்த ஆறு மாதத்தில் எந்த ஃபைலைத் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறோம், எதற்காக? அது தெரியாமல் பேட்டர்னைத் தேர்ந்தெடுக்க முடியாது.

திருத்தமெல்லாம் லொக்கேட்டரில் (திரையில் ஒரு பட்டனையோ பெட்டியையோ கண்டுபிடிக்கும் அடையாளத்தில்) என்றால் பேஜ் ஆப்ஜெக்ட்: ஒரு பக்கத்தைத் தொடும் கோடெல்லாம் ஒரே கிளாஸில் இருக்கும். ஆர்டர் பக்கத்தில் 'சேமி' பட்டனின் ஐடி மாறினால், ஒரே ஒரு கிளாஸில் மாற்றினால் போதும். ஆனால் மெத்தடுக்கு 'பட்டனை அழுத்து' என்று பெயர் வைக்காதீர்கள். 'டையிங்குக்கு அனுப்பு' (சாயமேற்ற அனுப்புவது) என்று வையுங்கள்; திரை மாறினாலும் அந்த வேலை மாறாது. சரிபார்ப்பு (அசெர்ஷன்) டெஸ்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பேஜ் ஆப்ஜெக்டில் அசெர்ஷன் வேண்டாம் என்பதே 2013இல் இதைப் பற்றி எழுதிய மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலரின் கட்சியும். நானும் அந்தப் பக்கம்தான். எங்கள் மென்பொருளில் கலர், சைஸ் வாரியாக எண்ணிக்கை போடும் கட்டம் ஆர்டர், ஜாப்வொர்க், பேக்கிங் லிஸ்ட் மூன்றிலும் வரும். அப்படிப்பட்டதைத் தனி கிளாஸாக்கி மூன்று பக்கங்களுக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் பக்கத்தின் கிளாஸ் ஆயிரம் வரி தாண்டிவிடும், யாரும் தொடப் பயப்படுவார்கள்.

டெஸ்ட் டேட்டாதான் தொல்லை என்றால் பில்டர்: டேட்டாவை இயல்பு மதிப்புகளோடு தயாரித்துத் தரும் கிளாஸ். ஒரு ஆர்டருக்கு பையர், ஸ்டைல், கலர், சைஸ், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), டெலிவரி தேதி எல்லாம் வேண்டும். ஜிஎஸ்எம்மைச் சோதிக்கும் டெஸ்ட்டில் '180 ஜிஎஸ்எம்' மட்டும் கண்ணில் படட்டும். மற்றதெல்லாம் பில்டரின் இயல்பு மதிப்பிலிருந்து வரட்டும். நாளைக்குப் புதிதாக ஒரு கட்டாயப் புலம் வந்தாலும் பில்டரில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த பேட்டர்ன் இது. டெஸ்ட்டைப் படிக்கிறவருக்கு அது எதற்காக எழுதப்பட்டது என்பது உடனே புரிகிறதே!

குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் ஓட்ட வேண்டுமா? பிரவுசரைத் திறக்கும் வேலையை ஒரு ஃபேக்டரியிடம் (கேட்ட பிரவுசரை உருவாக்கித் தரும் கிளாஸிடம்) விடுங்கள். பிரவுசரை இயக்கும் டிரைவரை சிங்கிள்டனாக (எல்லா டெஸ்ட்டுக்கும் ஒன்றே ஒன்றாக) வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். ஒவ்வொன்றாக ஓடும்வரை பிரச்சினை தெரியாது. இணையாக ஓட்ட ஆரம்பித்ததும் இரண்டு டெஸ்ட்டுகள் ஒரே பிரவுசருக்கு அடித்துக்கொள்ளும். ஜாவா என்றால் திரெட்லோக்கலில் வையுங்கள்; இணையாக ஓடும் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி டிரைவர் கிடைக்கும்.

மெர்ச்சண்டைசர், டையிங் மாஸ்டர், கணக்குப்பிள்ளை என்று பலர் கைமாறி நகரும் நீண்ட வேலைகளுக்கு ஸ்கிரீன்பிளே பேட்டர்ன் பொருந்தும். யார், என்ன செய்கிறார் என்றே டெஸ்ட் நகரும். ஆனால் குட்டி குட்டி கிளாஸ்கள் பெருகும். இரண்டு பேர் குழுவுக்கு, பத்துத் திரைக்கு, இது வேண்டாம்.

பேட்டர்ன் எதுவானாலும், இத்தனை நொடி என்று ஸ்லீப் போட்டுக் காத்திருக்காதீர்கள். வேண்டிய நிலை வரும்வரை காக்கும் எக்ஸ்பிளிசிட் வெயிட்டை பேஜ் ஆப்ஜெக்டுக்குள் வையுங்கள். பிரவுசரை இயக்கும் கருவியான செலினியத்தில் அதோடு இம்ப்ளிசிட் வெயிட்டை (எல்லாத் தேடலுக்கும் பொதுவாக வைக்கும் காத்திருப்பை) கலக்கக் கூடாது. எவ்வளவு நேரம் காக்கும் என்றே சொல்ல முடியாமல் போகும்.

பழைய டெஸ்ட்டுகளை ஒரே மூச்சில் மாற்றி எழுதவும் வேண்டாம். அடுத்து எது உடைகிறதோ, அந்தப் பக்கத்துக்கு மட்டும் பேஜ் ஆப்ஜெக்ட் எழுதிச் சரிசெய்யுங்கள். மீதி பழையபடியே ஓடட்டும்.