கேக் நடுவில் வேகாமல் இருந்தது: சர்க்கரை வைத்துக் கண்டுபிடித்தேன்

ஞாயிறு மதியம் கேக் செய்வதுதான் எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் புது ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின் அடுப்பு) வந்ததிலிருந்து மூன்று வாரம் ஒரே தொல்லை, மேலே கருத்து வெடித்துவிடும், வெட்டினால் நடுவில் மாவு கூழாக வழியும்.

முதலில் பேக்கிங் பவுடர் மேல் சந்தேகம். வெந்நீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன், நன்றாகவே நுரைத்தது. அப்புறம் மாவைக் கப்பில் அளக்காமல் எடைபோட்டேன், தட்டை ஒரு படி கீழே இறக்கினேன், ஃபாயில் மூடினேன். மேலே கருகுவது கொஞ்சம் குறைந்தது, நடு மட்டும் அப்படியே.

கடைசியில் கைகொடுத்தது சர்க்கரை. அது சுமார் 186 டிகிரியில் உருகும். ஃபாயிலில் சின்னக் கிண்ணம் செய்து ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, கேக் டின் உட்காரும் அதே இடத்தில் வைத்து, குமிழை 175க்குத் திருப்பி 15 நிமிடம் விட்டேன். வெள்ளையாகவே இருக்க வேண்டிய சர்க்கரை ஓரமெல்லாம் பழுப்புப் பாகாகிவிட்டது. புதுச் சர்க்கரையோடு பத்துப் பத்தாகக் குறைத்துப் பார்த்தேன்: 165இலும் உருகியது, 155இல் உருகவில்லை. அப்படியென்றால் குமிழ் காட்டுவதைவிட உள்ளே 20-30 டிகிரி சூடு அதிகம், அதனால்தான் நடு வேகும் முன்பே மேலே கருகியிருக்கிறது.

இன்னொன்று, சூடேறியதும் அணைகிற விளக்கை அப்படியே நம்பக் கூடாது. அது அணையும்போது அடுப்பின் உள்சுவர்கள் இன்னும் சரியாகச் சூடாகியிருக்காது. விளக்கு இன்னும் இரண்டு முறை எரிந்து அணையும்வரை காத்திருந்துதான் டின்னை உள்ளே வைக்கிறேன்.

போன ஞாயிறு குமிழ் 150, 45 நிமிடம். குத்திய குச்சி சுத்தமாக வந்தது, அப்பாடா! இப்போது குமிழுக்குப் பக்கத்தில் 150க்கு நேராக நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி.