அல்சைமர் தொடக்க நிலையில் ஸ்மார்ட் வீடு: இரவு விளக்கிலிருந்து தொடங்குங்கள்

மறதிநோயான அல்சைமரின் தொடக்கத்தில் பழகிய பழக்கங்கள் பெரும்பாலும் நிலைத்திருக்கும்; புதிதாகக் கற்பதுதான் தடுமாறும். அதனால் நோயுள்ளவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிராத கருவிகளையே வாங்குங்கள். செயலியைத் திறக்கச் சொல்லும் கருவி அவருக்கு உதவாது. எதைப் பொருத்துவதானாலும் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்; முடிவெடுக்க அவரால் இப்போது முடியும். படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமரா வேண்டவே வேண்டாம்.

முதல் வேலை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தானே எரியும் விளக்கு. இதற்கு ஸ்மார்ட் பல்பு சரிவராது. சுவர் சுவிட்சை அவர் வழக்கம்போல அணைத்ததும் பல்புக்கு மின்சாரம் நின்றுவிடும். பிறகு சென்சார் சொன்னாலும் எரியாது. சுவிட்ச் பெட்டிக்குள் டிம்மர் வகை ஸ்மார்ட் ரிலே (விளக்கைத் தானே இயக்கி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சிறு கருவி) வையுங்கள், சுவிட்சும் பழையபடி வேலை செய்யும். பல ரிலேக்களுக்கு நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) வேண்டும். பழைய வீடுகளில் அந்தப் பெட்டியில் அது இல்லாமல் போகலாம். வாங்குமுன் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அசைவு சென்சாரைக் கட்டிலுக்கு அடியில், அவர் இறங்கும் பக்கத்துத் தரையைப் பார்த்தபடி ஒட்டுங்கள். புரண்டு படுத்தால் எரியாது, காலைக் கீழே வைத்ததும் எரியும். 2700 கெல்வின் மஞ்சள் ஒளி, முழங்காலுக்குக் கீழே, மெல்லக் கூடும்படி. வழியில் இருட்டுத் திட்டு விழக் கூடாது: நிழல் அவருக்குப் பள்ளமாகவும், பளபளக்கும் தரை தண்ணீராகவும் தெரியலாம்.

கழிப்பறையில்தான் பலரும் தவறுகிறார்கள். சாதாரண அசைவு சென்சார் அசையாமல் உட்கார்ந்திருப்பவரைக் காணாது. விளக்கு அணைந்து அவர் மிரண்டுபோவார். ரேடார்போல ரேடியோ அலையால் உணரும் மில்லிமீட்டர் அலை சென்சார் மூச்சசைவையும் பிடிக்கும். ஆனால் ஓடும் விசிறியையும் ஆள் என்று எடுத்துக்கொள்ளும், அதற்கு நேரே வைக்காதீர்கள். அது கிடைக்காவிட்டால் அணையும் நேரத்தை 20 நிமிடமாக்குங்கள்.

சமையலறையில் எரிவாயு சென்சாரும் தானே மூடும் வால்வும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, சென்சார் தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்கட்டும், குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்குக் கூரையிலிருந்து 30 செ.மீ.க்குள்.

வாசல் கதவு திறந்தால் பராமரிப்பவரின் அறையில் மணி அடித்தால் போதும். உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழியிருக்காது.

ஒரு நேரத்தில் ஒரே கருவி. அது பழக இரண்டு வாரமாவது கொடுங்கள். சென்சாரையும் விளக்கையும் இணைக்கும் பெட்டியான ஹப்பை யுபிஎஸ்ஸில் இணைத்து, ரவுட்டரை அணைத்துவிட்டு இரவு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் அது ரவுட்டரையோ இணையத்தையோ நம்பி ஓடுகிறது. வீட்டு ஹப்பிலேயே இயங்கும் ஜிக்பீ (வைஃபை இல்லாமலே ஹப்புடன் பேசும் முறை) கருவிக்கு மாற்றிவிடுங்கள்.