டிகிண்டர் புரோகிராமுக்குள் ஒரு குட்டி வெப் சர்வர்: இரண்டையும் பேசவைப்பது எப்படி?

மாமாவின் மளிகைக் கடைக்குச் சரக்கு இருப்பு பார்க்க, பைத்தானில் டிகிண்டர் (ஜன்னல், பட்டன் எல்லாம் வரையும் மாட்யூல்) வைத்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டர் கல்லாப் பக்கம். மூட்டைகள் பின்கட்டு குடோனில். குடோனில் நின்றபடி போனில் எண்ணிக்கையைத் தட்டினால் கல்லாத் திரையில் மாற வேண்டும் என்றார். அதற்காக அந்தப் புரோகிராமுக்குள்ளேயே ஒரு வெப் சர்வரை வைத்தேன்.

டிகிண்டரில் ஜன்னல் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: சர்வருக்குத் தனி த்ரெட்

பைத்தானோடு வரும் ஹெச்டிடிபி சர்வர் மாட்யூலே போதும். இந்த அளவு வேலைக்கு ஃபிளாஸ்க் (தனியாக நிறுவ வேண்டிய வெப் கருவி) வேண்டாம் என்பேன். கடைக் கம்ப்யூட்டரில் கூடுதலாக எதையும் நிறுவ வேண்டியிராது. பைத்தான் 3.7 முதல் 'த்ரெடிங்ஹெச்டிடிபிசர்வர்' இருக்கிறது, அதையே எடுங்கள். த்ரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலை வரிசை. ஜன்னலை ஓட்டும் மெயின்லூப் முதன்மை த்ரெட்டில், சர்வரை ஓட்டும் 'சர்வ் ஃபாரெவர்' இன்னொரு த்ரெட்டில். அந்த த்ரெட்டை டீமனாக (முதன்மை த்ரெட் முடிந்தால் புரோகிராமை நிறுத்தி வைக்காத பின்னணி த்ரெட்டாக) வையுங்கள். இல்லையென்றால் ஜன்னலை மூடிய பிறகும் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்.

அதே கம்ப்யூட்டருக்குள் மட்டும் என்றால் முகவரி 127.0.0.1. போனிலிருந்து வர வேண்டுமென்றால் 0.0.0.0. அடுத்து போர்ட், அதாவது சர்வர் காத்திருக்கும் கதவு எண். மேக்கில் 5000 போர்ட்டைத் தவிருங்கள். மேக்கின் மான்டரே பதிப்பு முதல் ஏர்ப்ளே வசதி அதில் உட்கார்ந்திருக்கிறது. நான் 8765 வைத்தேன்.

படி 2: போன் அனுப்பியதைப் படிப்பது

போன் அனுப்பியது சர்வருக்கு வந்து சேரும் இடம் 'ஆர்ஃபைல்'. அதிலிருந்து படிக்கும்போது எத்தனை பைட் என்று சொல்லியே ஆக வேண்டும். அந்த அளவைச் சொல்லும் கன்டென்ட் லெங்த் ஹெடரை எண்ணாக மாற்றிக் கொடுங்கள். சும்மா 'ரீட்' என்றால் இணைப்பு மூடும்வரை சர்வர் காத்திருக்கும், பிரவுசரோ பதிலுக்காகக் காத்திருக்கும்.

படி 3: சீட்டு எழுதிப் போடுங்கள்

எனக்கு இரண்டு மாலைகள் போனது இங்கேதான். போனிலிருந்து தகவல் (போஸ்ட்) வந்ததும், அதைக் கவனிக்கும் சர்வர் பகுதியான ஹேண்ட்லரிலிருந்தே ஜன்னலின் லேபிளை மாற்றினேன். வேலை செய்தது. மறுநாள் மாமா போனில் 'துவரம்பருப்பு 12' என்று அனுப்பிய அதே நொடியில் கல்லாவில் பையன் 'சேமி' பட்டனை அழுத்த, திரை உறைந்துவிட்டது. சரக்குப் பட்டியலின் லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொட விடும் பூட்டை)க் கையில் பிடித்துக்கொண்டே ஹேண்ட்லர் லேபிளை மாற்றப் போயிருக்கிறது. லேபிளை மாற்றித்தர வேண்டிய முதன்மை த்ரெட், அதே லாக்குக்காக நின்றுகொண்டிருந்தது.

ஹோட்டல் சர்வர் அடுக்களைக்குள் போய் தோசையைத் திருப்புவதில்லை. சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வருகிறார். இங்கேயும் அப்படித்தான். பைத்தானின் 'க்யூ' அந்தச் சீட்டுக் கம்பி. ஹேண்ட்லர் பொருளையும் எண்ணையும் 'புட்' செய்யட்டும். ஜன்னல் பக்கம் ஒரு ஃபங்ஷன், 'கெட் நோவெயிட்' மூலம் 'எம்ப்டி' எக்ஸெப்ஷன் வரும்வரை சீட்டுகளை எடுத்து, பட்டியலையும் லேபிளையும் மாற்றட்டும். அதை டிகிண்டரின் 'ஆஃப்டர்' கொண்டு 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓட்டுங்கள். ஃபங்ஷனின் கடைசி வரியில் மறுபடி 'ஆஃப்டர்' எழுத வேண்டும். விட்டால் ஒரே தடவை ஓடி நின்றுவிடும். ஃபங்ஷன் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் கொடுங்கள். பட்டியலை ஒரே த்ரெட் மட்டும் தொடுவதால் லாக்கே தேவையில்லை, நான் எடுத்துவிட்டேன்.

படி 4: பதில் திரும்பி வர

ஒவ்வொரு சீட்டோடும் ஒரு புதிய குட்டி க்யூவையும் சேர்த்து அனுப்புங்கள். ஜன்னல் வேலையை முடித்துவிட்டு விடையை அதில் போடும். ஹேண்ட்லர் 3 செகண்ட் காத்திருந்து, வராவிட்டால் 503 ('இப்போது முடியாது' என்ற பிழை எண்) அனுப்பட்டும். அப்போதுதான் போனில் 'சேமித்தாச்சு' என்று வந்தால் அது உண்மையாகவே சேமித்ததாக இருக்கும்.

பின்சேர்க்கை: போன் பக்கத்திலேயே 'நிறுத்து' பட்டன் வைத்தால் எல்லாம் தொங்கிவிடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் எடுத்திருந்தது சாதாரண 'ஹெச்டிடிபிசர்வர்'. அதில் ஹேண்ட்லர் ஓடுவதும் சர்வ் ஃபாரெவர் த்ரெட்டிலேயே. அங்கிருந்து 'ஷட்டவுன்' அழைத்தால், தான் முடிவதற்குத் தானே காத்திருக்கும். நிறுத்துவதையும் ஒரு சீட்டாகப் போடுங்கள், ஆனால் பதிலுக்குக் காத்திராமல். ஷட்டவுனை ஜன்னல் பக்கம் அழைக்கட்டும்.